பின்னால் வருகிறவரின் நடை

காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை. தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஆளுக்கொரு படி என்று அறுபது படி. அதை ஏறி முடித்ததும் நம் ஜனங்கள் "முருகா" என்று ஒரு தூணில் சாய்ந்துவிடுவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் திருச்சி மலைக்கோட்டைக்குப் போய் உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் முழங்காலைப் பற்றியே பேசுவார்கள். தஞ்சாவூர் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. ஆனாலும் அதன் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டரைத் தொடாது. கல்லணையிலிருந்து கடைமடை வரைக்கும் நிலம் இறங்கிக்கொண்டே போகிறது என்பது தண்ணீருக்குத் தெரியும். நடக்கிறவன் காலுக்குத் தெரியாது.

இந்த ஊரில் பிறந்துவிட்டு நீ, ஆயி, சிநேகிதர்களோடு வெள்ளியங்கிரி ஏறி இறங்கியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் வந்த நாளாக மலையைப் பற்றி நீ சொன்னது கொஞ்சம், கைக்கடிகாரம் காட்டிய கணக்கைச் சொன்னதுதான் அதிகம். மணிக்கு இத்தனை கிலோமீட்டர். அஞ்சாவது மலையில் அது பாதியாகிவிட்டது. கூட வந்த பையன் ஒருத்தன் எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கி எல்லோரும் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில், "தாத்தா, நான் ரொம்ப ஸ்லோவா?" என்று ஒரு கேள்வி. பூகோளம் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவனிடம் இதைக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வராது. உன் வயசுப் பிள்ளைகள் நாலு பேருக்கு உதவினாலும் உதவட்டும் என்று எழுதியே வைக்கிறேன்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1892-ல் ஸ்காட்லாந்தில் வில்லியம் நாய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு விதி சொன்னார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். நூறு வருஷம் கழித்து, 1993-ல், வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் சரிவையும் வேகத்தையும் சேர்த்து ஒரு வாய்ப்பாடு போட்டார். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர். ஆனால் மனிதன் மிக வேகமாக நடப்பது சமதரையில் இல்லை. நூறு அடிக்கு அஞ்சு அடி இறங்குகிற மெல்லிய சரிவில். அங்கே 6 கிலோமீட்டர் வரும். அதைவிடச் சரிவு கூடினால் கால் தன்னைத்தானே பிடித்து நிறுத்த ஆரம்பித்து வேகம் மறுபடி விழும். பாதையே இல்லாத இடம் என்றால் கிடைத்ததில் அறுபது சதவீதம்தான் தேறும். வெள்ளியங்கிரியில் நீ ஏறிய உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். நாய்ஸ்மித் கணக்கில் அந்த ஏற்றத்துக்கு மட்டுமே ஒன்றரை மணிக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும், அதுவும் குளிர்நாட்டில், மலையிலேயே பழகிய காலுக்கு. நீ அதைவிட நேரம் எடுத்துக்கொண்டாய் என்றால் உன் காலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவாமிமலைக் கால் அது.

மலையை இத்தோடு விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது சமதரை.

ஏற்றமே இல்லாத நாட்டில் எல்லோரும் ஒரே வேகத்தில்தானே நடக்க வேண்டும்? நாய்ஸ்மித் நம் பக்கம் வந்திருந்தால் மணிக்கு மூன்று மைல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஐப்பசி மழையில் ஒரு நாள் வரப்பில் நடந்திருந்தால் அவரே அந்தத் தாளைத் திருப்பி வாங்கியிருப்பார். என் பாட்டிக்கு மைலும் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது. இருபத்துநாலு நிமிஷம் கொண்ட நாழிகைதான் தெரியும். பக்கத்து ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இத்தனை நாழிகை என்பாள். அதே ஊருக்கு மழைக்காலத்தில் ஒரு நாழிகை கூட்டிச் சொல்வாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, ஊர் நகராது பாட்டி என்று அவளைத் திருத்தப் பார்த்திருக்கிறேன். டோப்ளரைப் படித்த பிறகுதான் அவள் கணக்கு எவ்வளவு நேர்த்தியானது என்று புரிந்தது.

வரப்பை நீ சாதாரணமாக நினைத்துவிடாதே. நடவுக்கு முன்னால் அதன் இரண்டு பக்கத்தையும் செதுக்கி, வயல் சேற்றை அள்ளி மேலே பூசிவிடுவார்கள். எஞ்சுவது ஒரு பாதம் வைக்கிற அகலம். ஈரக் களிமண். செருப்பு கையில். கட்டைவிரலை அழுத்தி ஊன்றி, அடுத்த காலை அதற்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் வயலில் இறங்கியாக வேண்டும். தலையில் நாற்றுமுடி இருக்கிறவருக்கு வெறுங்கையோடு வருகிறவர் இறங்கி வழிவிடுவார். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், வரப்பில் முந்த முடியாது. பின்னால் வருகிறவன் ஊரிலேயே வேகக்காரனாக இருக்கட்டும். முன்னால் போகிற கிழவியின் வேகம்தான் அவனுக்கும் வேகம். அவளைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துகொள்வான். காலேஜில் சேருமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சம்பா பட்டம் வரப்பில் நடந்துவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டால் நான் கையைத் தூக்குவேன்.

நடவுக்காரர்களோ முன்னோக்கி நடப்பதே இல்லை. குனிந்தபடி, பின்னால் அடியெடுத்து வைத்து, வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேருகிறார்கள். வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் கையை நீட்டி அவள் பங்கிலும் நாலு குத்து நட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடருவாள். பேச்சு நிற்காது, சிரிப்பும் நிற்காது. வரிசை கலையாமல் கரை சேரும். இப்போது பாதி வயலில் மிஷின் நடுகிறது. அதனிடம் வேகம் இருக்கிறது. கை நீட்டுகிற வேலை மட்டும் அதற்குக் கிடையாது.

சேறு இப்படி என்றால் மணல் வேறு ஜாதி. சித்திரையில் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கைப் பார்த்திருக்கிறாய், ஆனால் சின்னப் பிள்ளையாக, தோளில் உட்கார்ந்து பார்த்தாய். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் கிளம்பி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய்த் திருவையாற்றுக்குத் திரும்புவார்கள். மூன்று ஊர் காவிரிக்கு வடகரை, நாலு ஊர் தென்கரை. ஆகவே ஆற்றில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். தண்ணீர் இல்லாத காவிரி, முழுக்க மணல். தார் ரோட்டில் துள்ளிக்கொண்டு வந்த பையன்கள் ஆற்றுக்குள் இறங்கியதும் வாயைப் பிளப்பார்கள். 1998-ல் பெல்ஜியத்தில் சிலர் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கெட்டித் தரையில் நடப்பதற்கு ஆகிற சக்தியைப் போல இரண்டு பங்கிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் பங்கு வரை மணலில் அதே வேகத்தில் நடக்க ஆகிறதாம். ஊன்றிய கால் மணலைத் தள்ளிவிடுகிறது. தள்ளிய வேலைக்குக் கூலி கிடையாது. பல்லக்கு தூக்குகிற பெரியவர்கள் மணலில் குட்டை அடி போடுவார்கள், பாதத்தைத் தட்டையாக வைப்பார்கள், தார் ரோட்டு வேகத்துக்கு ஆசைப்படவே மாட்டார்கள். அதனால்தான் கடைசி ஊர் வரை அவர்கள் தோள் தாங்குகிறது.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுப்புக் காலத்தில் நெற்கட்டைத் தலையில் தூக்கியவர்கள் நிதானமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். சுமை தலையில் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கழுத்துக்குச் செலவு. சீக்கிரம் களத்தில் போட்டால் சீக்கிரம் விடுதலை. கென்யாவில் தலையில் சுமந்தே பழகிய பெண்களை ஆராய்ந்து 1986-ல் ஒரு முடிவு வெளியானது. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கூடுதல் சக்தி செலவழிக்காமலே சுமந்தார்களாம். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம் பெண்களின் கழுத்தும் இடுப்பும் போகிற அந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எவ்வளவு பழகினவர்களுக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். நம் பக்கத்துப் பழைய சாலைகளில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்களே, சுமைதாங்கி, அதற்குத்தான். தனியாக வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் தோள் உயரத்தில் சுமையைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையை உள்ளே கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பார்கள். உன் முதுகுப்பையைப் பார்த்தேன், ஆயி. இரண்டு பவர் பேங்க், மூன்று ஜோடித் துணி, அரைக் கிலோ பாதாம். உனக்குச் சுமைதாங்கி வேண்டாம். வீட்டிலேயே பாதியை வைத்துவிட்டுப் போனால் போதும்.

இனி வெயில். அதோடு, கூட வருகிறவர்கள். இந்த இரண்டையும் பற்றி நம் ஊரில் எழுதப்பட்டதில் எனக்குத் தெரிந்து நல்லது சிலப்பதிகாரம்தான். நீங்களெல்லாம் அதில் மதுரை எரிந்த கதையை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு நீண்ட நடை இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் பூம்புகாரிலிருந்து விடியுமுன் கிளம்புகிறார்கள். கொஞ்ச தூரம் போனதுமே கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். பக்கம்தான், முப்பது காதம் என்று சொல்லிச் சிரிக்கிறான் கோவலன்; அந்தச் சிரிப்பில் கண்ணீரும் இருக்கிறது. காவிரிக்கரை வழியாகத் திருவரங்கம், அங்கிருந்து மதுரை என்று இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. அப்படியானால் அவன் சொன்ன காதம் சுமார் பத்துக் கிலோமீட்டர்.

வழியில் சேர்ந்துகொள்ளும் கவுந்தியடிகள் சமணத் துறவி. அவர் வழியைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் இந்த வயல்களில் நடந்தே பழகியவர் என்று தெரியும். தோப்பு வழியாகப் போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூ மூடியிருக்கும். விலகி நடந்தால் பழுத்துத் தொங்கும் பலா தலையில் இடிக்கும். வயல் வழியாகப் போனால் கரையோரம் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடும். உயிரைக் கொன்ற பாவம் வந்து சேரும். இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துத்தான் கால் வைக்க முடியும். வேகம் எங்கிருந்து வரும்?

அவர்கள் எவ்வளவு நடந்தார்கள் என்பதையும் இளங்கோ விடவில்லை. நாளுக்கு ஒரு காதம், அதற்கு மேல் இல்லை. நடுவில் பல இடங்களில் தங்கல். பத்துக் கிலோமீட்டர் என்றால் உன் கடிகாரக் கணக்கில் இரண்டு மணி நேரம். கோவலன் இளைஞன், வணிகன். கவுந்தி நடந்தே வாழ்கிற துறவி. இரண்டு பேரும் நினைத்தால் நாளுக்கு மூன்று காதம் போயிருப்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டிப் பழகாத ஒருத்தி கூட இருந்ததால் மூன்று பேரின் வேகமும் அவள் பாதத்தின் வேகமாயிற்று. இதற்காக யாரும் முகம் சுளித்ததாகக் காவியத்தில் எனக்குத் தெரிந்து ஓரிடம்கூட இல்லை. பாண்டிய நாட்டு வெயிலில் அதுவும் முடியாமல் போகும்போது, இவளால் பகலில் தாங்க முடியாது, இரவில் நிலவு வெளிச்சத்தில் நடப்போம் என்று கோவலன் சொல்கிறான். மற்றவரும் ஒத்துக்கொள்கிறார்கள். கோவலன் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது மிகக் கொஞ்சம்; இது அதில் ஒன்று. உன்னோடு வந்து மூச்சு வாங்கிய அந்தப் பெண்ணைப் பற்றி நீ பேசிய தொனி எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவளை வரிசையின் கடைசியில் விட்டீர்கள் அல்லவா? கடைசியில் வருகிறவருக்கு ஓய்வே கிடையாது. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவள் வந்து சேர்ந்ததும் "போலாமா" என்று எழுந்துவிடுவீர்கள். அவள் உட்காரவே இல்லை. பலவீனமானவரை முன்னால் விட்டால் எல்லோருக்கும் ஓய்வும் ஒன்றாகக் கிடைக்கும், தூரமும் ஒன்றாகக் குறையும். வரப்பில் இது தானாக நடக்கிறது; அகலமான பாதையில் நாம்தான் நடத்த வேண்டும்.

நடக்கிறவனின் வேகம் அவன் உடம்பில் மட்டும் இல்லை, வழியிலிருக்கிற ஊர்களிலும் இருக்கிறது. இதை நம் மராட்டிய ராஜாக்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் சத்திரம் சத்திரமாகக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கிற முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டியது. தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் அது இருக்கிறது. காலையில் கிளம்பின மனிதன் களைத்துப்போய்ச் சோற்றை நினைக்கிற தூரம். கும்பினியின் ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு 1801-ல் சரபோஜி எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். எந்த ஜாதியானாலும் சாப்பாடு, குழந்தைகளுக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பராமரிப்பு, வழியில் நோய்ப்பட்டவர்களுக்குக் குணமாகிற வரை வைத்தியம். இன்றைக்கு ஆவணியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும், சித்திரையில் மஞ்சள் கட்டிக்கொண்டு சமயபுரம் போகிறவர்களுக்கும் ரோட்டோரம் மோர் ஊற்றுகிறார்களே, அவர்கள் செய்வதும் அதே வேலைதான்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார். தார்ன் என்று பெயர், 1930-ல் தஞ்சாவூர் கலெக்டர். அந்த வருஷம் மார்ச் 12-ல் காந்தி உப்புக்காகச் சபர்மதியிலிருந்து கிளம்பித் தண்டிக்கு நடந்தார். 240 மைல், 24 நாள். இங்கே ஏப்ரல் 13-ல் ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினார். வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது 28-ஆம் தேதி. சுமார் 150 மைல். இரண்டையும் வகுத்துப் பார், ஆயி. அங்கேயும் நாளுக்குப் பத்து மைல், இங்கேயும் பத்து மைல். காந்திக்கு அறுபது வயசு, ராஜாஜிக்கு அம்பத்தொண்ணு, அவருக்கோ ஒட்டிய உடம்பு. தொண்டர்களில் இளைஞர்கள் நிறைய. அந்தப் பையன்களை அவிழ்த்துவிட்டால் இருபது மைல் போயிருப்பார்கள். சித்திரை வெயிலில், முன்னால் போகிற தலைவர்களின் வயசுக்கு எது தாங்குமோ அதுதான் படையின் வேகம்.

போன வழியையும் பார். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் போக மன்னார்குடி வழியாக நேரே இறங்கலாம். அவர்கள் கும்பகோணத்துக்குப் போய், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சுற்றிக்கொண்டு போனார்கள். உப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் இது தண்டச் சுற்று. வழியில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், தெருக் கூட்டினார்கள், தீண்டாமையைப் பற்றிப் பேசினார்கள். நாலு நாள் முன்னால் போய்ச் சேருவதால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தார்ன் இந்த நடையை நிறுத்த நினைத்தபோது நடக்கிறவர்களின் காலைத் தொடவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை ஜெயில் என்று ஊர்களுக்கு உத்தரவு போட்டார். கெட்டிக்காரத்தனமான உத்தரவு. ராத்திரிச் சோறு இல்லாத படை இரண்டாம் நாள் பாதி தூரம் போகும், மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடும். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல இடங்களில் கண்ணெதிரே யாரும் சோறு போடவில்லை. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டியது யார் என்று மரத்தைத்தான் கேட்க வேண்டும். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை காத்திருந்தார். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்து ராஜாஜி கைதானார். வரலாற்றுப் புத்தகங்களில் அந்தக் கடைசி நாளுக்குத்தான் படம் போடுகிறார்கள். நான் வகுப்பில் அந்த மரங்களைப் பற்றித்தான் அதிக நேரம் பேசியிருக்கிறேன். அந்தக் கிளைகள் இல்லாவிட்டால் பத்து மைல் கணக்கு நீடாமங்கலத்துக்கு முன்பே நின்றுபோயிருக்கும்.

மணிக்கு எவ்வளவு என்பதைவிட நாளுக்கு எவ்வளவு என்று கேட்பது நம் மண்ணுக்குப் பொருத்தம். காவிரியையே எடுத்துக்கொள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நாலு நாள் ஆகிறது. நடுவில் ஆற்றின் தூரம் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். வகுத்தால் மணிக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரும். நீ நடக்கிற வேகத்தில் பாதி. மேட்டூரில் மதகு திறக்கும்போது நீயும் கூடவே கிளம்பினால் முதல் நாள் மத்தியானம் தண்ணீரைப் பின்னால் விட்டுவிடுவாய். அன்று ராத்திரி நீ தூங்குவாய், அது தூங்காது. காய்ந்த மணல் கேட்கிறதையெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சத்தோடுதான் வரும், அதனால் தாமதம். கல்லணையில் பிரித்துவிட்ட பிறகு கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனையோ நாள். அங்கே காத்திருக்கிறவன் தண்ணீர் மெதுவாக வந்தது என்று புகார் சொல்ல மாட்டான். வந்ததா, வரவில்லையா என்பது ஒன்றுதான் அவன் கேள்வி.

உன் கொள்ளுத்தாத்தா பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை பார்த்தவர். ஆற்றங்கரையில் நடப்பதுதான் உத்தியோகம். நடையில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. சந்தைக்குப் போனால் நாங்கள் பின்னால் ஓடுவோம். அதே மனிதர் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு முட்டிக்கொண்டு போகும்போது அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்தால் ஆமை தோற்றுப்போகும். 1977 நவம்பர்ப் புயலின்போது ராத்திரி முழுக்க அப்படித்தான் நடந்தார். கரையின் வெளிப்பக்கச் சரிவில் தடியால் குத்திப் பார்ப்பார். நண்டு வளை, எலி வளை, இற்றுப்போன மர வேர், எதுவானாலும் தண்ணீருக்கு அது வாசல். கசிவைக் கண்டால் உள்ளங்கையில் ஏந்தி விளக்கில் காட்டுவார். தெளிவாக இருந்தால் பயமில்லை, விடு என்பார். கலங்கலாக வந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். ஆளைக் கூப்பிட்டு மணல் மூட்டை போட்டாக வேண்டும். வேகமாக நடந்திருந்தால் அதிகக் கரையைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஒரு கசிவும் கண்ணில் பட்டிருக்காது. எதற்காக நடக்கிறோம் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கிற காரணங்களில் ஒன்று. நாய்ஸ்மித்தின் விதியில் அதற்கு இடமில்லை, உன் கடிகாரத்திலும் இல்லை.

வயசு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 65 வயசைத் தாண்டிய 34,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொகுத்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. வேகமாக நடக்கிற கிழவர்கள் அதிக நாள் இருக்கிறார்களாம். உன் அப்பா இதை எங்கேயோ படித்துவிட்டு என்னைத் தினமும் விரட்டுகிறான். உடம்பு நன்றாக இருக்கிறவன் வேகமாக நடக்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம். விரட்டினால் உடம்பு நன்றாகிவிடும் என்று அர்த்தமில்லை. என்னோடு நடக்கும்போது முழங்கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். பக்கத்தில் வந்தால் போதும். இழுத்தால்தான் விழுவேன்.

இனி உனக்குச் சில யோசனைகள். புதுச் செருப்போடு நெடுநடைக்குக் கிளம்பாதே. ஒரு மாதமாவது வீட்டைச் சுற்றி அதைப் பழக்கு. முந்தின ராத்திரி பாதத்தில் விளக்கெண்ணெய் தடவு. வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் முடித்துவிடு. தாகம் எடுக்குமுன் தண்ணீர். ஓரிடத்தில் எரிகிறது என்றால் கொப்புளமாகும்வரை பொறுக்காதே, உடனே உட்கார்ந்து பார்.

வருகிற ஏழூர்ப் பல்லக்குக்கு லீவு சொல்லிவிட்டு முதல் நாளே வந்துவிடு. திருவையாற்றில் ஐயாறப்பரோடு நீ கிளம்பு. பழனம் தாண்டி ஆற்றில் இறங்கும்போது செருப்பைக் கழற்றிக்கொள். அந்த மணல் எனக்கு இனிமேல் ஒத்துவராது. நான் பஸ்ஸில் கண்டியூர் வந்து கோயில் வாசலில் இருப்பேன். அங்கிருந்து பூந்துருத்தி வரைக்கும் நல்ல ரோடு, இரண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம்.